அளக்காமல் எழுதிய எண்பத்தாறு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடிக்கிருத்திகை முடிந்த வாரம். திருத்தணிக்குப் பக்கத்தில் பொதட்டூர்பேட்டையில் வீடு வீடாகப் போய் இடுப்பளவு எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. ஆண்களுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தர வேண்டும். கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சுகருக்கும் மாரடைப்புக்கும் வழி வைக்கும், கண்ணால் மதிப்பிடாதீர்கள், நாடாவால் அளந்து பாருங்கள் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.

அக்காவின் கணவர் தறி ஓட்டுபவர். எனக்கு பாவா, நான் அவருக்கு மச்சினிச்சி. எப்போதும் லுங்கிதான். பேன்ட் போடுகிறவருக்குப் பட்டன் இறுகினாலாவது தெரியும். லுங்கி எவ்வளவு வயிற்றையும் சுற்றிக்கொள்ளும். நாடாவோடு நான் கிட்டே போனதும் எதிர்வீட்டம்மா ஆரம்பித்துவிட்டார்.

“பாவா இடுப்புல கயிறு போட்டு எங்க இஸ்துகினு போவப் போற?”

தெருவே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பாவாவுக்கும் கூச்சம்.

“போன வாரந்தான் காவடி எடுத்துகினு அத்தினி படியும் ஏறி வந்தேன். எனக்கு இன்னா வரப் போவுது? நீயே ஒண்ணு போட்டுக்கோ” என்றார்.

வயிறு லேசாக முன்னால் வந்திருந்தது தெரியத்தான் செய்தது. ஆனாலும் அந்தக் குச்சிக் கைகளைப் பார்த்து எண்பத்தாறு என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். மடத்தனம். நாடாவை அக்கா கையில் கொடுத்திருந்தால் அவளே சுற்றியிருப்பாள், அதுகூடத் தோன்றவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலை, தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திருத்தணிக்குக் கொண்டு போனோம். சுகர் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது, முன்னாடி எங்கேயும் பார்க்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைக் கைகாட்டினாள்.

“பார்த்தோங்க. என் தங்கச்சிதான் அளந்துச்சு. ஒண்ணும் இல்லன்னு எழுதிகினு போச்சு.”

மறுநாள் பாவா போய்விட்டார்.

அளந்திருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. ஆனால் சீட்டு கிடைத்திருக்கும். சீட்டு கையில் இருந்தால் அக்கா அவரை விட்டிருக்க மாட்டாள், இழுத்துக்கொண்டாவது போயிருப்பாள். இப்போது யார் கேலி பேசினாலும் நான் அளக்காமல் எழுதுவதில்லை; கூச்சப்படும் ஆண்களுக்கு அவர்கள் மனைவியையே நாடா சுற்றச் சொல்கிறேன். எனக்கு அழுகை வரும்போதெல்லாம், “நீதான் அளந்து பார்த்தியே, அதுக்கு மேல விதி” என்று அக்கா என்னையே தேற்றுகிறாள். விதி இல்லை அக்கா, என் கூச்சம்தான் என்று அவளிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.