அவசரப்படும் மூச்சுக்குழாய்

முட்டு என்று நாங்கள் சொல்லும் ஆஸ்துமாவுக்கான கிளினிக்கில் தாதியாக இருக்கும் எனக்கு, ஆள் கதவடிக்கு வரும்போதே யாரென்று மூச்சுச் சத்தம் சொல்லிவிடும். நீங்களும் முட்டுக்காரர் என்றால் இந்தச் சங்கதிகள் உங்களுக்குப் புதிதாக இராது.

வைக்கோல் தூசு

கரவெட்டியில் வயல் செய்யும் ஒரு அண்ணை, நெற்கதிர் சூடடிப்பு முடிந்த கையோடு, மூச்சை இழுத்து இழுத்து வந்தார். "சின்னனிலையிருந்து வைக்கோலுக்கை நிண்டனான். இப்ப ஏன் மிஸ்?" என்றார்.

மூச்சுக்குழாயின் உட்தோலில் பிறவியிலேயே ஒரு காவல் உண்டு என்றேன். வந்தது கிருமியா வெறும் தூசா என்று விசாரித்துக்கொண்டு நிற்காது. தோல் உரஞ்சுப்பட்டதும் அபாயம் என்று செய்தி அனுப்பும். பக்கத்தில் இருக்கும் உயிரணுக்கள் உடனே வீக்கத்தையும் சளியையும் கிளப்பிவிடும். ஒவ்வாமை உள்ளவருக்கு இது அளவுக்கு மிஞ்சி நடக்கும். அண்ணை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "அப்ப எதிரி வெளியிலை இல்லை. உள்ளுக்கை இருக்கிற என்ரை ஆளுக்குத்தான் பொறுமை இல்லை."

சுகமாக இருந்த பிள்ளை

ஒரு தாய், பள்ளிக்கூடம் போகும் மகளை ஓட்டோவில் கொண்டுவந்தார். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. சுகமாகத்தானே இருக்கிறாள் என்று, தினமும் வாயால் உள்ளிழுக்கவேண்டிய மருந்தைத் தாய் நிறுத்தியிருக்கிறார். பிறகு வந்தது மூக்கொழுகும் ஒரு சாதாரணத் தடிமன். வெளியே இழுப்பு இல்லாவிட்டாலும் உள்ளே வீக்கம் தணலாகக் கிடக்கும்; தடிமன் கிருமி தொட்டால் காவல் முழுவதும் ஒரேயடியாக எழும்பிவிடும்.

டொக்டர் முகமூடி போட்டு மருந்துப்புகை கொடுத்தார். நான் பிள்ளையின் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல உதட்டுக்கு நிறம் வந்தது. தாய் சுவரோடு நின்று அழுதார். நான் அவர் பக்கம் திரும்ப, பிள்ளை முகமூடியை விலக்கினாள். "அம்மாவை ஏசாதேங்கோ மிஸ். எனக்குச் சுகமெண்டு நான்தான் சொன்னனான்."

விற்ற மாடு

தொண்டைமானாற்றிலிருந்து ஒரு இளம் தம்பதி. விடிய எழும்பினால் மனைவிக்கு முட்டு. காரணம் மாடுதான் என்று கணவன் தானாகவே முடிவெடுத்து, அவள் செல்லமாக வளர்த்த பசுவை விற்றுவிட்டார்.

பிறகுதான், எது ஒவ்வாது என்று அறிய, ஒவ்வொன்றின் சாரத்தையும் அவள் தோலில் துளி விட்டுக் குத்திப் பார்த்தோம். மாட்டுக்கு ஒன்றும் தடிக்கவில்லை. தூசிப்பூச்சிக்கு நன்றாகத் தடித்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி பஞ்சு மெத்தையில் இருக்கும். அதன் கழிவு மூச்சுக்குழாயின் தோலை அரித்துக் காவலை உசுப்பும். கணவன் நிலத்தைப் பார்த்தபடி, "உமக்காகத்தான் வித்தனான்" என்றார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியுமப்பா. மெத்தையை வித்திருக்கலாம்."

நம்மைக் காப்பாற்றத்தான் உடம்பு இவ்வளவு பாடுபடுகிறது. கொஞ்சம் ஆறுதலாகக் காப்பாற்று என்று அதனிடம் கெஞ்சுவதுதான் என்னுடைய உத்தியோகம்.