பார்ட்டிஷன் வந்த வீடு

கோச்சடை வீட்டு ஹாலில் எனக்கென்று ஒரு மூலையைத் தடுத்துத் தர மகன் ஆள் வைத்திருக்கிறான். வந்த தச்சர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்கன ஒரு பார்ட்டிஷன் போட்டுருவோம்மா, அம்புட்டுத்தான்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். இந்த வயசில் ஒரு வார்த்தைக்கா பயம் என்று நீங்கள் சிரிக்கலாம், சிரியுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், நான் பள்ளிக்கூடம் போகிற வயசில், மாசி வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு அந்த வார்த்தை வக்கீலோடு வந்தது. விளக்கு வைக்கிற வீட்டில் 'பிரிவினை' என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது, பலித்துவிடும். இங்கிலீஷில் சொன்னால் வீட்டுச் சாமிக்குப் புரியாது என்று நினைத்தார்களோ என்னவோ, பெரியப்பாவும் அப்பாவும் பார்ட்டிஷன், பார்ட்டிஷன் என்றே பேசினார்கள். பெரியம்மாகூட ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டாள். புளி வாசனை வந்தால் இன்றும் எனக்கு அந்தக் கலக்கம்தான்.

அத்தைக்கு மட்டும் அது பிடிபடவில்லை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மூத்தவள்; சின்ன வயசிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்து, எல்லோருக்கும் ஆக்கிப்போட்டவள். ஒருநாள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"இங்கிலீசு படிக்கிறவதான தாயி, அதுக்கு என்ன அர்த்தம்?"

"பங்கு பிரிக்கிறது அத்தை."

"அப்ப நான் யாரு பங்குல வாரேன்?"

அதைத் தெரிந்துகொள்ள பெரியவர்கள் பேசுகிற இடமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். அண்டா பேச்சு வந்தது, பசுமாடு வந்தது, கிணற்றுக்கு முறை வந்தது. அத்தை பேச்சு வரவே இல்லை.

முற்றத்தில் ஆளுயரத்துக்குச் சுவர் எழும்பியது. அத்தையே பழைய அடுப்பிலிருந்து கங்கு அள்ளிப் போய்ப் புது அடுப்பைப் பற்றவைத்தாள். "ரெண்டும் எந் தம்பிமாரு வீடுதான், ரெண்டுலயும் ஆக்குறேன்" என்றாள். அப்பாடா என்றிருந்தது எல்லோருக்கும்.

ஆடி மாசம் ஒரு காலையில் அத்தை கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். சுவருக்கு இரண்டு பக்கமிருந்தும் ஓடினோம். "மதினி உங்க பக்கம் சாப்புடுறாகன்னுல்ல இருந்தேன்" என்றாள் அம்மா; அவளுக்கும் பெரியம்மாவுக்கும் அத்தை மதினி முறை. பெரியம்மாவுக்கு முகம் செத்துப்போனது. "நான் உங்க பக்கம்னு நெனச்சேன்டி."

யாரும் கூப்பிடாமல் எந்த வீட்டில் இலை போட்டு உட்காருவது என்று கூசியிருக்கிறாள். பானையடியில் ஒட்டியதைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடித்தே காலம் தள்ளியிருக்கிறாள், பாவி மனுஷி.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் சுவருக்கு மேலே குரல் வரும். "மதினி சாப்பிட்டாச்சா?" "இங்கன ஆச்சு." அத்தை இருந்தவரைக்கும் அது நிற்கவில்லை.

அந்த வீடும் சுவரும் போய் இப்போது அங்கே ஒரு ஜவுளிக் கிடங்கு நிற்கிறது. தச்சரிடம், பலகைக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விடச் சொன்னேன்.

"காத்துக்காம்மா?"

"ஆமப்பா" என்றேன். நான் சாப்பிட்டேனா என்று அந்தப் பக்கமிருந்து யாராவது கேட்டால் காதில் விழ வேண்டுமே.