சாம்பிள் மாணவி

பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்குத் தினமும் பரீட்சை உண்டு, வைப்பவர்கள் பெற்றோர்கள். என்னைப்போல் நீங்களும் மாட்டிக்கொண்டவரானால், திருப்பூர் பக்கத்து நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் பட்டதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

முதல் சேர்க்கை

ரேங்க் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, கேள்வி கேட்டால் அடி கிடையாது என்று நான் சொல்லி முடிக்கும்வரை பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இங்கே படித்து முடித்த பிள்ளை ஒன்றைக் காட்டச் சொன்னார். பள்ளி அப்போதுதான் தொடங்கியிருந்தது, காட்ட ஆளில்லை. பக்கத்தில் நின்ற மகள் நிலாவைப் பார்த்தார்.

"சாம்பிள் ஓகே ஆனாத்தான் பல்க் ஆர்டர் வருமுங்க டீச்சர். இவளையே சாம்பிளா வெச்சுக்குங்க. தீபாவளிக்குப் பாத்துட்டுச் சொல்றேனுங்க."

மணல்

முதலாளியைப் பார்த்து அவருடைய டெய்லர்களும் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர் செல்வி, ஒருநாள் தன் மகன் மணலில் வாய்க்கால் வெட்டுவதைப் பார்த்துவிட்டார். தண்ணீர் ஏன் மேட்டில் ஏறவில்லை என்பதுதான் இன்றைய பாடம் என்றேன்.

"வீட்டுல வெளையாடிக்கிட்டே இருக்கான்னு இங்க அனுப்புனா, நீங்க மண்ணும் தண்ணியும் குடுத்து வெளையாடச் சொல்லுதியளே. மொதலாளி மக இருக்கான்னு பேசாம போறேன். அவ போயிட்டா இவனையும் கூட்டிட்டுப் போயிருவேன் டீச்சர்."

செக்கிங்

அன்றிலிருந்து நிலா தும்மினால் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஆயுத பூஜைக்குப் பொரி கொடுக்க வந்த சென்னியப்பன், மகளின் மார்க்கைக் கேட்டார். மார்க் இல்லை என்று சொல்லி, அவள் எதில் தேறினாள், எதில் திணறுகிறாள் என்று விவரித்தேன். பொரி நமத்துப்போனதுதான் மிச்சம்.

"செக்கிங் பண்ணாம பொட்டி கட்டுனா, போன சரக்கு பூராவும் திரும்பி வந்துருமுங்க."

வீட்டுப் பரீட்சை

தீபாவளி நெருங்கியதும் அவரே செக்கிங்கில் இறங்கினார். நிலாவையும், டவுனில் பெரிய பள்ளியில் படிக்கும் அண்ணன் மகனையும் உட்காரவைத்து ஒரு கணக்குக் கொடுத்தார்: டெய்லர் ஒருவர் மணிக்கு நாற்பது பீஸ் தைத்தால், எட்டு மணி நேரத்தில் எத்தனை? அவன் முந்நூற்று இருபது என்று உடனே சொல்லிவிட்டான். நிலா பென்சிலைத் தொடவே இல்லை.

"கரண்ட் நிக்கவே இல்லீங்களாப்பா? டீக்கு விட்டீங்களா?"

தீர்ப்பு

மறுநாள் காலை சென்னியப்பனின் கார் பள்ளி முன்னால் நின்றது. செல்வி மகனின் கையைப் பிடித்தபடி வாசலைத் தாண்டாமல் நின்றார். நான் டி.சி. எழுதப் பேனா தேடினேன். நடந்ததைச் சொன்ன சென்னியப்பன், அப்படியொரு கேள்வியைத் தன் சூப்பர்வைசர்கூடக் கேட்டதில்லை என்றார். நிலா இங்கேயே படிக்கட்டும் என்றார். செல்வி மகனின் கையை விட்டார். அந்தத் துணிச்சலில், அடுத்த வருடம் பள்ளிக்குப் போகவேண்டிய சென்னியப்பனின் சின்ன மகனையும் இங்கே சேர்ப்பாரா என்று கேட்டுவைத்தேன்.

"சாம்பிள் ஓகேங்க. ஆனா பல்க்கா எல்லாரும் இப்பிடிக் கேள்வி கேட்டா, ஊட்டையும் கம்பெனியையும் ஆருங்க ஓட்டறது?"

கல்வியையே மாற்றப் புறப்பட்ட எனக்கு, இதுவரை சாம்பிள்தான் ஓகே ஆகியிருக்கிறது.