ஒன்றேகால் மணித்தியாலப் பயணம்

நான் வேலை செய்யும் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம்தான். கரவெட்டியில் அண்ணை புற்றுநோயில் கிடந்தபோது, "உங்களைப் பாக்க ஆசைப்படுறார், ஒருக்கா வாங்கோ" என்று அண்ணி மூன்று முறை அழைத்தார். "கிட்டத்தானே அண்ணி, வேலை முடிய வாறன்" என்றே மூன்று முறையும் சொன்னேன்.

நான்காவது அழைப்பு சாவுச் செய்தி. மறுநாளே போய் இறங்கினேன். அன்று எந்த வேலையும் குறுக்கே நிற்கவில்லை.

அண்ணையின் கால்மாட்டில் நின்று அழுத என்னை அண்ணி தனியே கூப்பிட்டார்.

"கடைசியிலை நினைவு தடுமாறி, தம்பி எங்கை எண்டு கேட்டவர். கனடாவிலை நிக்கிறார், வர நாள் செல்லும் எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகுதான் வாசலைப் பாக்கிறதை விட்டவர்."

அண்ணி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணை என்னில் குறை காணாமல் கண்மூடியது அந்தப் பொய்யை நம்பித்தான்.