அழுங்கு சைவமா, அசைவமா?

பலாப்பழம் பஸ்ஸில் ஏறினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த தைரியத்தில்தான் போன புதன்கிழமை நானும் காதர் பாயும் ஒரு சாக்குப் பையோடு தாராவியில் பஸ் ஏறினோம்.

"கியா ஹை?" என்றார் கண்டக்டர்.

"ஃபணஸ்" என்றேன் — மராத்தியில் பலாப்பழம். சாக்கோடு சேர்த்துத் தொட்டுப் பார்த்தார். உருண்டையாக, சொரசொரவென்று இருந்தது. "கச்சா ஹை", இன்னும் காய்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார். பழம் லேசாக மூச்சு விட்டதை அவர் கவனிக்கவில்லை.

உள்ளே இருந்தது அழுங்கு. எறும்புத்தின்னி என்பார்களே, அது!

எல்லாம் நானே தேடிக்கொண்டது. சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் விசித்திர விலங்குகளைப் பற்றி எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? அழுங்குக்குப் பல் கிடையாது. சின்னச் சின்னக் கற்களை விழுங்கி, அவற்றை வைத்து வயிற்றுக்குள்ளேயே அரைத்துக்கொள்ளும். அதன் நாக்கு நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்தே புறப்படுகிறது. உடம்பெல்லாம் செதில் — நம் நகம் எதனால் ஆனதோ அதே சரக்கு. ஆபத்து வந்தால் ஓடாது, கடிக்காது. பந்தாகச் சுருண்டுவிடும். அப்புறம் யார் வந்து கூப்பிட்டாலும் திறக்காது. எல்லாம் லைப்ரரி புத்தகத்தில் படித்தது. நேரில் பார்த்தேனா என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காதர் பாய் திருநெல்வேலிக்காரர். தாராவியில் தோல் பதனிடும் ஷெட் வைத்திருக்கிறார். தோலுக்குப் போட ஊரிலிருந்து ஆவாரம்பட்டை மூட்டை மூட்டையாக வரும். அதில் ஒன்றைப் பிரித்தபோது இது உருண்டு விழுந்திருக்கிறது. நேரே என் ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"சார்வாள், பல்லு இல்ல, நாக்கு நீளம்னு எல்லாம் எளுதினீங்கள்லா? இப்ப அது பட்டினியாக் கிடக்கு. பாலு வச்சேன், பளம் வச்சேன், திரும்பிப் பாக்க மாட்டேங்கு. நம்ம ஊரு ஆளு சார்வாள்! பொளைக்க வந்த எடத்துல செத்துப்போச்சுன்னா நல்லாவா இருக்கும்?"

எனக்கு மனசு கேட்கவில்லை. எறும்பு, கரையான் தவிர வேறெதையும் அது தொடாது என்றேன். தோல் ஷெட்டில் எறும்புக்கு எங்கே போவது? உப்பு, சுண்ணாம்பு, அந்த வாடை... எறும்புக்கும் மூக்கு இருக்கிறதே. அதனால்தான் மாட்டுங்காவில் இருக்கும் என் வீட்டுக்கு அந்த பஸ் பயணம்.

என் மனைவி சரோஜா பைக்குள் எட்டிப் பார்த்தாள். அலறவில்லை.

"எறும்புதானே வேணும்? அரிசி மாவுல பெரிசா ஒரு கோலம் போட்டா தானா வந்துட்டுப் போறது."

விளக்கு வைக்கும் நேரத்தில் கீழ்த்தள வராந்தாவை அடைத்துக் கோலம் போட்டாள். எறும்புகளும் வந்தன. எனக்குத்தான் ஒரு சந்தேகம். கோலம் போடுவது எறும்புக்குச் சாப்பாடு போடும் தர்மம் என்பார்கள். சாப்பாடு போட்டுக் கூப்பிட்டு, வந்த விருந்தாளியையே சாப்பாடாகப் போட்டால் அது புண்ணியமா, பாவமா?

"அதை நான் பகவானோட பேசிக்கறேன். நீங்க நகருங்கோ" என்றாள்.

அப்போதுதான் பில்டிங் செகரட்டரி சேஷாத்ரி மாமா வந்தார்.

எங்கள் பில்டிங்கில் அசைவத்துக்கு இடமில்லை. புதிதாகக் குடிவருபவரிடம் மாமா பெயர், வேலை எதையும் கேட்பதற்கு முன் "என்ன சாப்பிடுவேள்?" என்பார். போன வருஷம் காதர் பாய்கூட, மகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்று கீழ்த்தளத்துக் காலி ரூமைக் கேட்டு வந்தார். பாய்க்குப் பொய் வராது. கேள்வி ஒன்றோடு இன்டர்வியூ முடிந்துவிட்டது.

"இது என்ன கூத்து சார்? நம்ம பில்டிங்ல நான்வெஜ் கூடாதுன்னு தெரியுமோல்லியோ? எறும்பு என்ன, கத்திரிக்காயா?"

"மாமா, சாப்பிடலேன்னா செத்துப்போயிடும்."

"சாகட்டும்னு நான் சொல்லலை. வெளியில போய்ச் சாப்பிடட்டும்!"

குடித்தனக்காரர்கள் கூடிவிட்டார்கள். எறும்பு அசைவம் என்றார் ஒருவர். சர்க்கரைப் பொங்கலில் விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறோமே, அது என்ன கணக்கு என்றார் இன்னொருவர். "பட்டுப் புடவை மட்டும் என்னவாம்?" என்று மாடியிலிருந்து ஒரு குரல். அது யார் காதிலும் விழவில்லை.

விவாதம் சூடு பிடித்தபோது காதர் பாய் மெல்லச் சொன்னார்: "சார்வாள்... சாக்குல ஆளக் காணோம்."

கர்... கர்... என்று சத்தம். எங்கிருந்து? மாமா வீட்டு வாசலில்! எறும்பையும் கோலத்தையும் சட்டை செய்யாமல், மாமாவின் கதவு நிலையை அழுங்கு பிறாண்டிக்கொண்டிருந்தது. பளபளவென்ற பச்சைப் பெயின்ட் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. உள்ளே மரமே இல்லை. முழுக்கக் கரையான். வருஷா வருஷம் மாமா பெயின்ட் அடித்துக் காப்பாற்றி வந்தது கரையான் புற்றைத்தான்!

"நிறுத்துங்கோ! நிறுத்துங்கோ!" என்று மாமா கத்தினார். அழுங்கு சாப்பிடும்போது மூக்கையும் காதையும் மூடிக்கொள்ளும். எனவே கூச்சல் எட்டவில்லை. நாக்கு உள்ளே போனது, வந்தது, போனது... மாமாவின் குரல் படிப்படியாக இறங்கியது. கடைசியில் குனிந்து, "அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு பார்" என்றார் அழுங்கிடம். காதர் பாய் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜன்னல் சட்டம், பூஜை அலமாரி என்று ஞாயிற்றுக்கிழமை வரை அது மாமா வீட்டு விருந்தாளி. போரிவிலிக் காட்டில் விட்டுவிடலாம் என்று காதர் பாய் சாக்கோடு வந்தபோது மாமாவுக்குக் கொடுக்கவே மனசில்லை.

"விதி விதிதான் சார்" என்றார் என்னிடம். "நன்னா யோசிச்சுப் பார்த்தேன். கரையான் எதைச் சாப்பிடறது? மரத்தை. மரம் சைவம். சைவத்தைச் சாப்பிட்டதைச் சாப்பிட்டா அதுவும் சைவம்தானே?"

காதர் பாய் சாக்கைக் கீழே வைத்தார். மிகவும் பணிவாகக் கேட்டார்:

"ஆடும் புல்லுதானே மாமா திங்குது... அந்தக் கீழ் ரூமு இன்னும் காலியாத்தான் கிடக்கா?"

மாமா ஓடவில்லை, கடிக்கவில்லை. அப்படியே சுருண்டுவிட்டார்.