சாவதற்குப் பதினொரு பாட்டு

முருங்கன் பஸ் நிலையம். வாங்கில் என் பக்கத்தில் இருக்கும் ஐயா, ஆஸ்பத்திரியில் நெஞ்சைக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்த பாட்டைப் பார்த்து மெல்லப் பாடுகிறார். எழுபத்திரண்டு வயதில் முதன்முதலாகக் கூத்தாடப் போகிறாராம். மாதா கோயில் திருவிழாவில் ராசா வேடம்.

"கடைசியில ராசா சாகிறாரோ?"

"ஓம். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் ரெண்டு பாட்டில சாகச் சொல்லுறார். நான் பதினொண்டு கேட்டிருக்கிறன்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"கத்திப் பாடக் கூடாதாம். அவருக்கு முன்வரிசையில கதிரை போடச் சொல்லியிருக்கிறன்."

மன்னார் பஸ் வருகிறது. நான் எழும்புகிறேன். ஐயா அசையவில்லை.

"நீங்கள் போங்கோ. எனக்கு இன்னும் நாலு பாட்டு இருக்கு."

பஸ் ஜன்னலால் பார்க்கிறேன். வாங்கில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்துப் பாடியபடி, ஐயா மிகவும் சந்தோசமாகச் செத்துக்கொண்டிருக்கிறார்.