கீழ்வீட்டுச் சில்வண்டு

கல்யாணமாகி அமெரிக்காவில் சான்டா கிளாராவுக்கு வந்த புதிது. டிபென்டன்ட் விசா என்பதால் நான் வேலைக்குப் போக முடியாது. கணவர் ஆபீஸ் கிளம்பினால் மாலைவரை அபார்ட்மென்டில் நான் மட்டும்தான்.

கீழ்வீட்டில் ஒரு சீனப் பெண் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். தொட்டியில் பாகல்கொடி வளர்த்தாள். ஒருநாள் மேலேயிருந்து அதையே பார்த்துக்கொண்டு நின்ற என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். காய் கொடுக்கத்தான். போனால், சந்தனம் இழைப்பதுபோல மைக்கட்டியைக் கல்லில் இழைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தினமும் அவள் வரைவதைப் பார்க்கப் போனேன்.

பூவையும் பூச்சியையும் நேரில் பார்த்துத்தான் வரைவாள். தண்டில் ஓர் எறும்பு ஏறினால், அது இறங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவாள். புழு தின்ற இலையென்றால் ஓட்டையும் படத்தில் இருக்கும். ஆனால் எல்லாப் படத்திலும் ஓரமாக ஒரு சில்வண்டும் இருந்தது. அதன் சிறகு வழியே இலை நரம்பு தெரியும்.

"இங்க நான் சில்வண்டே பாத்ததில்லையே?" என்றேன்.

அவளுடைய ஆங்கிலம் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். "என் பொண்ணு பிடிச்சது. ஆறு வயசு. காய்ச்சல். கடைசிவரைக்கும் கைக்குள்ளயே வச்சிருந்தா. அப்புறம் நான்தான் விரலைப் பிரிச்சேன். பறந்துடுச்சு." கொடியைக் காட்டினாள். "தினமும் வருது. பாக்கறதத்தான் வரையறேன்."

நானும் பார்த்தேன். பூ மட்டும்தான் இருந்தது.

கொடியில் காய்கள் பழுக்கத் தொடங்கிய சமயம், ஒருநாள் அவள் படத்தில் சில்வண்டு இல்லை. "இன்னிக்கு வரல," என்றாள். மறுநாளும் வரவில்லை.

அந்த வாரம்தான் எங்கள் சமையலறையில் ரீங்கென்று விடாமல் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பகலில் மட்டும், கணவர் வீட்டில் இல்லாதபோது.

"ஃப்ரிட்ஜா இருக்கும். அபார்ட்மென்ட் மேனேஜர்கிட்ட கம்ப்ளெய்ன் பண்றேன்," என்றார் கணவர். ஆள் வந்து பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று போனான். அவன் போனதும் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை.

கீழே போய்ச் சொன்னேன். ஈரத் தூரிகையைக் கையில் பிடித்தபடியே மேலே ஓடிவந்தாள். சுவரில் காதை வைத்து வெகுநேரம் நின்றாள். அப்போதும் எனக்குக் காதைத் துளைத்தது.

"கேக்குதா?"

"இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது வாசலில் திரும்பி, "வெளிச்சம் அதுக்குப் பிடிக்கும்," என்றாள்.

லீஸ் முடிந்ததும் அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகிற அன்று என்னைக் கட்டிக்கொண்டவள், என் தோளுக்கு மேலாக எங்கள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர் காலத்தில் ஒருநாள் சத்தம் கேட்கவில்லை. மாலையில் கணவரிடம் சொன்னேன்.

"பாத்தியா, தானா சரியாயிடுச்சு," என்றார்.

மறுநாள் அவர் ஆபீஸ் போன பிறகு ஃப்ரிட்ஜை நகர்த்தினேன். அதன் பின்னால், சிங்க்குக்கு அடியில், அலமாரி இடுக்குகளில் என்று மாலைவரை தேடினேன். ஒரு சிறகுகூடக் கிடைக்கவில்லை.